மரகதம் திருடவில்லை

அன்புள்ள அக்கா,

இன்று காலை அடையாறு வீட்டில் பாலைத் தீய விட்டுவிட்டேன். மாமியார் மருமகளை அறையும் காட்சியை எழுதிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் எழுந்து ஓடினேன். அடுப்பைத் துடைக்கும்போது உங்கள் குரல் கேட்டது போலிருந்தது. "இன்னா ரைட்டரம்மா, ஊர்க் கதையெல்லாம் எழுதுற, ஒரு அடுப்பப் பாத்துக்கத் தெரியலியா?" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது.

நடிக்க உங்களை யாரும் தேடித் தேர்ந்தெடுக்கவில்லை. அதை நீங்களே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பீர்கள். எங்கள் டிவி தொடரில் வேலைக்காரியாக நடிக்க வேண்டியவர் வேறொரு படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டார். கும்பலில் நிற்பதற்காக வடபழனியிலிருந்து வேனில் வந்திருந்தவர்களில் உங்கள் புடவை அந்த வேடத்துக்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான். என் காகிதத்தில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. 'வேலைக்காரி: அம்மா, காபி.' ஒரு நாள் வேலை, ஒரு வரி வசனம்.

அன்றைய காட்சியில் மூத்த மகன் யாரோ ஒருத்தியோடு மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நிற்கிறான். வழக்கம்போல வீடே உறைந்து நிற்க, கேமரா ஒவ்வொரு முகமாக மூன்று சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் நீங்கள் பாட்டுக்கு நகர்ந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்கள். இயக்குநர் கத்தினார்.

"பால் பொங்கிக்கினு கீது சார். ஊட்டு ஆளுங்க ஷாக் ஆயி நிக்கலாம். வேலைக்காரியும் நின்னா யாரு தொடைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருடமாக இந்த வீடுகளுக்கு வசனம் எழுதுகிறேன். அங்கே ஓர் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் காட்சியில் உங்களுக்கு மூன்று வரி எழுதினேன். என்ன பெயர் வைக்கலாம் என்று உங்களையே கேட்டேன். "மரகதம்னு வைம்மா. எங்க அத்தை பேரு. டிவி பொட்டியத் தொடவே உடாது, அதுவே டிவில வரட்டும்" என்றீர்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினப்பாக்கத்தில் நீங்கள் மீன் விற்கும் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தேன். மரகதத்துக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று கேட்பேன். வஞ்சிரத்தை வெட்டியபடியே, "ஒண்ணும் பேசமாட்டா. பாத்திரத்த சத்தமா கழுவுவா" என்பீர்கள். அழுகை வந்தால்? "துணி காயப்போட மாடிக்குப் போவா." அப்படியே எழுதுவேன். ஒரு வருடத்தில் கதாநாயகியைவிட மரகதத்தை அதிகம் பேர் விசாரித்தார்கள்.

அப்போதுதான் தொடரின் தி.நகர் அலுவலகத்தில் அந்தக் கதைக் கூட்டம் நடந்தது. வீட்டில் வைர நெக்லஸ் காணாமல் போக வேண்டும், திருடியது மரகதமாக இருக்க வேண்டும், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து உங்களிடம் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தீர்கள்.

"நடின்னா நடிக்கிறேன், என் வேல அது. ஆனா எங்க தெருவுல பாதிப் பேரு மைலாப்பூரு, மந்தவெளின்னு ஊட்டு வேலைக்குப் போறாளுங்க. நான் டிவில வர்றேன்னு அங்கெல்லாம் பீத்திக்கினு கீறாளுங்க. நாளைக்கு ஒரு ஊட்ல மோதிரம் காணாப் போனா யார மொதல்ல பாப்பாங்க?"

திங்கட்கிழமை போய், முடியாது என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. என் வேலை போகும் என்றுதான் நினைத்தேன், போனது உங்களுடையது. மரகதம் திருட மாட்டாள் என்றால் அவள் எதற்கு, ஊருக்கு அனுப்பிவிடு என்று முடித்துவிட்டார்கள். நான் அழுதபோது, "நல்ல பேரோடதானம்மா அனுப்புற, இன்னாத்துக்கு அழுவுற?" என்று என்னைத்தான் தேற்றினீர்கள். கடைசிக் காட்சியில் பையோடு வாசல்வரை போனவர், திரும்பி வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனீர்கள். அது நான் எழுதியதல்ல.

இருந்தாலும் உங்கள் பிழைப்பில் நான் கை வைத்துவிட்டேன் என்பது முள்ளாகவே இருந்தது. போன மாதம் உங்கள் சாவுக்கு வந்து வீட்டு வாசலில் கூட்டத்தில் நின்றபோது உங்கள் தெருப் பெண் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார்.

"நீங்கதான ரைட்டரம்மா? நான் மந்தவெளில வேல செய்ற ஊட்டம்மா உங்க நாடகத்த ஒருநாள் உடாது. நாடகத்துல மரகதம் ஊருக்குப் போன அதே வாரம் அந்தம்மா தன் பொண்ணு ஊட்டுக்குக் கெளம்புச்சு. 'நீயும் மரகதம் தெருதானே'ன்னு சாவிய என் கையிலயே குடுத்துட்டுப் போச்சு. பதினஞ்சு வருசத்துல மொத தபா. இன்னிக்கு வரைக்கும் என்கிட்டதான் கீது."

உங்களிடம் அவர் இதை முன்பே சொல்லியிருப்பார். நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றி சொல்லியே உங்களைச் சலிக்க வைத்திருப்பேன். இப்போது சொல்கிறேன், நன்றி அக்கா. முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கொடுத்தீர்கள்.

அடுப்பைத் துடைத்து முடித்து, காலையில் எழுதிய காட்சியை எடுத்துப் பார்த்தேன். மாமியார் அறைகிறாள், எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள், பின்னால் 'வேலைக்காரி' என்று எழுதியிருந்தேன். பழக்கதோஷம். அதை அடித்துவிட்டு உங்கள் சொந்தப் பெயரை எழுதினேன். அவள் இடுப்பில் வீட்டுச் சாவியையும் செருகிவிட்டேன்.

உங்கள்
ரைட்டரம்மா