ஏரி மணலும் சில்லுவின் கண்ணும்

திங்கள்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் தொட்டியைப் பார்த்தேன். ஆமை சில்லு அடியில். அசைவு இருக்கிறது. புழுக்கம், காற்றே இல்லை.

நேற்று அதன் கழிவில் ஒரு நீலக் கல். தொட்டியோடு வாங்கிய வண்ணக் கற்களை விழுங்கியிருக்கிறது. எத்தனையோ! எல்லாவற்றையும் அள்ளி எடுத்துவிட்டேன். இப்போது வெறும் கண்ணாடி. நடந்தால் வழுக்குகிறது, நகம் கிரீச்சிடுகிறது.

மகள் நிஷா ஹாஸ்டலுக்குப் போய் ஒரு மாதம். போகும்போது சொன்னது: "மா, எனக்கு போன் பண்ணலன்னாலும் பரவால்ல, சில்லுவ மட்டும் பாத்துக்கோ."

அடியில் என்ன போடுவது?
ஜல்லி – கூர்.
செங்கல் தூள் – தண்ணீர் கலங்கும்.
ஏரி மணல் – பக்கத்திலேயே. மெல்லியது. விழுங்கினாலும் வெளியே வந்துவிடும்.

மாலை கரையிலிருந்து அரை வாளி. ஏழு தடவை அலசினேன்.

துறைமுக வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாடி, ஆமைக்கு மெத்த போடறியா? எனக்குப் பாயக்கூட ஒதறிப் போட மாட்ட."

புதன்

சாப்பிடவில்லை. கீரை மிதக்கிறது. வெயிலால் இருக்கும். இருக்குமா?

வியாழன்

இடது கண் வீங்கி மூடியிருக்கிறது. நி. போட்டோ கேட்டாள். போன மாதத்துப் போட்டோவை அனுப்பினேன். "செம க்யூட்" என்று பதில். பால் வாங்க மறந்தேன்.

வெள்ளி

நாத்தனார் மேரி பசியாவரத்திலிருந்து வந்தாள். ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவள். தொட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள்.

"சீ, மேரி!"

"கரிக்குது அண்ணி. ஏரி மண்ணா?"

"ஏழு தடவ கழுவினேன்."

"எதுல? போர் தண்ணிலதான? அதுவே உப்பு. உன் சமையக்கட்டு செவுரு இன்னா ஆச்சு? இதே மண்ணுல பூசி, உப்பு பூத்து உதுருது. காலேஜ் படிச்சவ நீ!"

"ஏரியிலயும் ஆமை வருதே..."

"ஏரிலதான் கடத்தண்ணி கலக்குதே. இது கடைல வாங்குனது. நல்ல தண்ணி ஜாதி."

தினமும் அந்தச் சுவரைத்தான் துடைக்கிறேன். தோன்றவே இல்லை.

மணலை எல்லாம் வாரிக் கொட்டினோம். கேன் தண்ணீர். அடியில் ஒரே ஒரு சொரசொரப்பான கூரை ஓடு, விளிம்பைத் தேய்த்து. விழுங்க முடியாது, வழுக்காது. சில்லு ஏறி உட்கார்ந்தது. இவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கிறது.

சனி

இன்னும் சாப்பிடவில்லை. வலது கண்ணும் பாதிதான் திறக்கிறது.

அவர்: "பரீட்ச நேரம், அவகிட்ட எதுவும் சொல்லாத. ஏதாச்சும் ஆயிட்டா அதே சைஸ்ல வேற ஒண்ணு வாங்கி வுட்டுடலாம். இன்னா தெரியப் போவுது?"

அவளுக்குத் தெரியும். முதுகோட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு, அவள் கீழே போட்டபோது ஆனது. புது ஆமையிலும் அதே மாதிரி ஒரு வெட்டு போட்டுவிட்டால்? ஒரு நிமிடம் யோசித்தேன். என்னை நினைத்தே பயமாக இருக்கிறது.

நி. மறுபடி: "இன்னிக்கு போட்டோ எங்க மா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிறு

மேகம். துணி காயவில்லை. கீரையைத் தொடவில்லை, ஆனால் கை வைத்தால் தலையை இழுக்கிறது. உயிர் இருக்கிறது.

நாளை அவர் வேலைக்குப் போனதும் மூடி போட்ட வாளி, ஈரத்துணி, பொன்னேரியில் ரயில். கால்நடை டாக்டரிடம் போகும் முன் நிஷாவின் ஹாஸ்டல். நீலக் கல், மணல், பழைய போட்டோ, மூன்றையும் சொல்லிவிட்டு வாளியை அவள் கையில் கொடுப்பேன். பரீட்சையாக இருந்தாலும். அவரிடம் சொல்லவில்லை. மேரியிடமும்.