தோட்டத்து அறையில் ஒரு கட்டில்

ஆகஸ்ட் 22, வெள்ளி

தோட்டத்தில் ஒரு அறை கட்டலாம் என்று மகன் சொன்னதிலிருந்து எனக்குத்தான் அவனைவிட அவசரம். வில்லாபுரத்து வெயிலுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும், பவளமல்லியை வெட்டாமல் சுவரை எப்படிக் கொண்டு போவது என்று ஒரு மாதமாக நோட்டில் வரைந்து வரைந்து அழித்தேன். சாயங்காலம் நண்பர்கள் வந்து உட்கார அதில் நான்கு நாற்காலிகளும் வரைந்திருந்தேன்.

இன்று கொத்தனார் வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். "காலிங் பெல் சுவிட்ச் வாசலுக்கு எந்தப் பக்கம் தம்பி?" என்று மகனிடம் கேட்டார்.

"வெளிய வேணாம்ணே. சுவிட்ச உள்ள, கட்டில் பக்கத்துல வைங்க. பெல்லு எங்க ரூம்ல அடிக்கணும்."

என் நோட்டில் கட்டிலே இல்லை.

மகன் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி என்னன்னாலும் அமுக்குங்கப்பா, ஓடி வந்துருவேன்" என்றான். வருவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போன மாதம் குளியலறையில் விழுந்த என்னை அவனும் மருமகளும்தான் தூக்கினார்கள். பேத்திக்கும் படிக்க வீட்டுக்குள் என் அறை வேண்டும். ஆனாலும் என்னிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கொத்தனார் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "ஐயா, சுவிட்ச எந்தக் கைக்கு வைக்க?"

விழுந்ததிலிருந்து இடது கையைத் தூக்க முடியவில்லை. "வலது கைக்கு வைங்க" என்றேன்.

இப்போதுதான் நோட்டில் கட்டிலை வரைந்தேன். மூன்று நாற்காலிகளை அழிக்க வேண்டியதாயிற்று. ஒன்றை விட்டிருக்கிறேன், ஓடி வருகிறவன் உட்கார.