கச்சேரி ரோட்டோடு திரும்பும் வண்டி

ராயப்பேட்டை
திங்கட்கிழமை இரவு

அன்புள்ள அஸ்மத் ஆபாவுக்கு,

உன் தங்கை நஸ்ருன்னிசாவின் சலாம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா நலம். அம்மாவும் முழங்கால் வலியைத் தவிர நலம். நான் நலமா இல்லையா என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

தமிழில் எழுதுகிறேன். நம் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். அப்படியும் பயமாக இருக்கிறது. உள் அறையில் அப்பா இருமும்போதெல்லாம் காகிதத்தைப் பாய்க்கு அடியில் தள்ளிவிடுகிறேன். கண்டால், என்ன எழுதினாய், வாசித்துக் காட்டு என்பார். எழுதாததை எழுதியதுபோல வாசிக்க எனக்கு வராது.

இனாயத் மாமா வெள்ளிக்கிழமைக் கப்பலில் ரங்கூன் வருகிறார் அல்லவா, அவரிடம் அம்மா உனக்கு ஒரு மூட்டை கொடுத்து அனுப்புகிறாள். அதில் குழந்தைக்கு என்று ஒட்டுத்துணியில் தைத்த சின்ன மெத்தை இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு சாண் தையலைப் பிரித்து இதை உள்ளே வைத்துத் திரும்பத் தைக்கப் போகிறேன். பச்சை நூல் போட்ட இடம் என் தையல். கோணலாக இருப்பதைப் பார்த்தே உனக்குத் தெரியும்.

நீ பிரசவத்துக்கு வரப்போகிறாய் என்று மச்சானின் கடிதம் வந்த நாளிலிருந்து இங்கே வேறு பேச்சே கிடையாது. சாச்சா குடும்பத்தோடு நெருக்கிக்கொண்டு இருக்கும் இந்த வீடு உனக்கு ஆகாதாம். இருக்கிற ஒரு சன்னலும் குதிரை லாயத்தைப் பார்த்துத் திறக்கிறது, அதுவும் ஆகாதாம். கடலும் பக்கத்தில் இருக்கவேண்டும், பட்டணமும் பக்கத்தில் இருக்கவேண்டும், அப்படி ஒரு வீடு தேடுகிறார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்தச் சன்னலில்தான் மூச்சு விடுகிறேன். எனக்கு ஆகுமா ஆகாதா என்று யாரும் கேட்டதில்லை.

சாச்சா மாம்பலம் என்றார். புதுத் தெருக்கள், அகலமான ரோடு, மின்சார ரயில் என்று புகழ்ந்தார். அங்கே ராத்திரியில் நரி ஊளையிடுகிறது, கடல்காற்று ராயப்பேட்டையைத் தாண்டி அங்கே வந்து சேர்வதற்குள் புழுக்கமாகிவிடும் என்று அப்பா சொன்னார். நம் தெருக்கோடியில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. கிணறு நல்ல கிணறு. பள்ளிக்கூட வண்டி அதன் வாசலிலேயே நிற்கும். எனக்கு அந்த வீடுதான் வேண்டும். அதைப் பற்றி நான் வாயைத் திறந்தபோது, பெரியவர்கள் பேசும்போது உனக்கென்ன என்றாள் அம்மா.

அப்பாவின் மனதில் இருப்பது சாந்தோம் வீடு. மாடியில் ஒரு அறை, கடலைப் பார்த்து. அந்த அறை உனக்காம்.

ஆபா, சாந்தோமுக்குப் பள்ளிக்கூட வண்டி வராது. கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசல் வரைதான் வரும். முனியம்மாளிடம் கேட்டேன். வண்டியில் எங்களை ஏற்றி இறக்கித் திரையை இழுத்து மூடும் ஆயாவைத்தான் சொல்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும். "கச்சேரி ரோடு வந்தா மாடு தானா திரும்பிக்கும் பாப்பா, அதுக்கே தெரியும்" என்றாள். அங்கிருந்து சாந்தோம் வீடு கூப்பிடு தூரம். மீன்காரிகள் கூடையோடு சிரித்துப் பேசிக்கொண்டே நடக்கிற தூரம். ஆனால் போன வருஷத்திலிருந்து நான் கோஷா. திரையை விட்டுத் தெருவில் கால் வைக்கக்கூடாது. ஜமீலுன்னிசா வீட்டார் அடையாற்றுக்குக் குடிபோனார்கள். வண்டி ஆற்றைத் தாண்டாது, அதோடு அவள் படிப்பு நின்றது. அவள் உட்கார்ந்த இடத்தில் நாங்கள் இப்போது சாப்பாட்டு டப்பாக்களை வைக்கிறோம். அடுத்து என் இடம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். எனக்கு உன்மேல் பொறாமை. இன்றைக்கு வந்தது இல்லை. உன் நிக்காஹ்வுக்கு முந்தின மாலை அப்பா உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார், நினைவிருக்கிறதா? எனக்கு அம்மை போட்டிருந்தது. இருட்டும்வரை மணலில் உட்கார்ந்துவிட்டு வந்து எனக்கு ஒரு கிளிஞ்சல் கொடுத்தாய். அதைக் காதில் வைத்தால் கடல் கேட்கும் என்றாய். உனக்குக் கடல், எனக்குக் கிளிஞ்சல்.

அப்புறம் ரங்கூனிலிருந்து கடிதங்கள். ஆற்றுக்கு அக்கரையில் தல்லாவில் வீடு, சன்னலைத் திறந்தால் கப்பல், காற்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, சம்பானில் ஏறி ஆற்றைக் கடந்தால் பட்டணம் என்றெல்லாம் எழுதினாய். அவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறவள் நான்தான். காற்று என்று வருகிற இடங்களில் இரண்டு மூன்றை விட்டுவிட்டு வாசித்திருக்கிறேன்.

இப்போது இங்கேயும் உனக்கே காற்று. குழந்தையும் உனக்கே. எனக்கு ஒரு வண்டி இருந்தது, நாற்றமடிக்கிற திரை போட்ட வண்டி. அதையும் நீ எடுத்துக்கொள்ளவேண்டுமா? கடற்கரை வேண்டாம், தெருக்கோடி வீடே போதும் என்று அப்பாவுக்கு ஒரு வரி எழுது. உன் பேச்சை அவர் தட்டமாட்டார்.

இப்படிக்கு,
நஸ்ருன்னிசா


வியாழக்கிழமை இரவு

ஆபா,

மேலே எழுதியதைக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அதில் இருப்பதும் நான்தான். ஆனால் இதையும் சேர்த்துப் படி. இதைப் படிக்காமல் அப்பாவுக்கு எதுவும் எழுதிவிடாதே.

நேற்று சாந்தோம் வீட்டைப் பார்க்கப் போனோம். வாசலில் வண்டியை நிறுத்தி, அப்பாவும் சாச்சாவும் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மாவும் நானும் நடுவில் இறங்கினோம். கடற்காற்று அடித்த அடியில் துணி அப்பாவின் தலையைச் சுற்றிக்கொண்டது. நாங்கள் கோஷா இல்லாமல் நிற்க, அப்பா முழுக் கோஷாவில் நின்றார். உள்ளே போகும்வரை அம்மாவால் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

வீட்டுக்காரரைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டார்கள். கீழ்க்கட்டை அம்மா பார்த்தாள். மாடியை நான் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு. அக்கம்பக்கத்து மாடியிலிருந்து ஆண்கள் பார்வை விழுமா என்று ஒரு பெண் நின்று பார்த்தால்தானே தெரியும்? விழுந்தால் அந்த வீடு நமக்கு ஆகாது. அப்பா எத்தனை ஆசைப்பட்டாலும் அவ்வளவுதான். அம்மாவால் நாலு படிக்குமேல் ஏறமுடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், படி ஏறும்போதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வீட்டில் யாராவது ஒரு ஆண் நிற்கவேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே ஏறினேன்.

பாதிப் படியில் அம்மா கூப்பிட்டாள். கடற்கரை ரோடு தெரிகிறதா, வளைவு இல்லாமல் நேரே பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறதா என்று பார்க்கச் சொன்னாள். ரோடு எதற்கு என்றேன். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"போன தடவை ராத்திரியில் உன் ஆபாவுக்கு வலி எடுத்தபோது அக்கரைக்குப் போகச் சம்பான் கிடைக்கவில்லை. விடிகிறவரை துறையிலே கிடந்தாள். குழந்தை அங்கேயே போச்சு. இவளையும் தூக்கிக்கொண்டுதான் கரையேற்றினார்கள்."

இதை அம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் முழங்காலைப் பார்த்துச் சொன்னாள். உனக்கு இன்னும் மூச்சு இரைக்கிறதாம், படுத்தால் முட்டுகிறதாம், காற்று இல்லாத அறையில் உன்னை வைக்கக்கூடாது என்று ரங்கூன் லேடி டாக்டர் சொன்னாராம். மச்சான் இதையெல்லாம் அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறார். என்னிடம் குழந்தை தங்கவில்லை என்று மட்டும்தான் சொன்னார்கள். நீயும் அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் கப்பலைப் பற்றி எழுதியிருந்தாய். பெரிய வெள்ளைக் கப்பல், இரண்டு புகைபோக்கி என்று. அதற்கும் நான் பொறாமைப்பட்டேன்.

மொட்டைமாடிக்குப் போனேன். உன் அறைக்கு வெளியே மூன்று பக்கமும் கைப்பிடிச் சுவர். கிழக்கே கடல். அதைப் பற்றி எழுதமாட்டேன், நீயே பார்க்கப்போகிறாய். கீழே மணலில் வலை காயவைத்திருந்தார்கள். ரோடு வடக்கே வளைவில்லாமல், ஆறில்லாமல் போகிறது.

தெற்கே பக்கத்து வீட்டு மாடி. அங்கே ஒரு ஆள் நின்றிருந்தார், ஆபா. நான் கேட்ட துஆ கபூலாகிவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், அந்த ஈர வேட்டியாலேயே தன் முகத்தை மூடிக்கொண்டார். அவர்தான் எனக்குக் கோஷா போலிருந்தது. அப்படியே சுவரில் இடித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

கீழே இருந்து அம்மா, "யாராவது தெரிகிறார்களா நஸ்ரு?" என்று கேட்டாள்.

நிஜத்தைச் சொன்னால் போதும். பொய்யே வேண்டாம். தெருக்கோடி வீடும் பள்ளிக்கூட வண்டியும் எனக்குக் கிடைத்துவிடும், பாவமும் இல்லை. சிரமமில்லாமல் நல்ல பெண்ணாகவே இருந்து உன்னைத் தோற்கடித்திருக்கலாம்.

"யாரும் இல்லை அம்மா" என்றேன்.

அங்கேயே அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதப் பிறையில் குடிபோகிறோம். குடிபோன மறுநாளே அந்த ஆள் வேட்டி காயப்போட வருவார். அப்பா பார்ப்பார். மாடிக்கு ஏறிப் பார்த்தது யார் என்று கேட்பார். அப்பா அடிக்கமாட்டார், உனக்குத் தெரியும். பேசமாட்டார். அதுதான் பயம். அதற்கு முன்பே நீ மச்சானிடம் சொல்லி, தெற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓலைத்தட்டி கட்டச் சொல்லி எழுதவை. வெயிலுக்கு என்று எழுதட்டும். கிழக்கே கட்டவேண்டாம்.

இன்று வண்டியில் ஏறும்போது முனியம்மாள், "இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி கீது? அக்கா வர சொல்லோ சிரிக்க வாணாவா?" என்றாள். சாந்தோம்தான் முடிவாகிவிட்டது என்றேன். கொஞ்சநேரம் திரையை இழுத்து இழுத்துவிட்டாள். பிறகு, கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசல் வரைக்கும் எப்படியாவது வந்து சேர்ந்தால் தான் ஏற்றிக்கொள்வதாகவும், வீட்டு வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவதாகவும் சொன்னாள். "மாட்டைத்தான் திருப்ப முடியாது, என்னை எவன் தடுப்பான்? ஆனா இந்தப் பாவாடையோட எப்டி நடப்பே? உங்கூட்ல ஒரு புர்கா தெச்சுக் குடுக்கக்கூடாதா?"

கேட்டேன். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு எதற்குப் புர்கா என்றாள் அம்மா. கப்பல் ஏறுகிறவளுக்குத் தைத்தோம், உனக்குக் கல்யாணம் ஆகும்போது பார்க்கலாம் என்றாள்.

ஆகவே உன் புர்காதான். கப்பலுக்கு என்று சாச்சி தைத்தாளே, கண்ணுக்கு வலைத்துணி வைத்த கறுப்புப் புர்கா. அன்றைக்கு அதற்கும் நான் அழுதேன். நீ வந்து மாடி அறையில் படுத்திருக்கும் நாளெல்லாம் அது சும்மா ஆணியில்தான் தொங்கும். எனக்கு நீளமாக இருக்கும், மடித்துத் தைத்துக்கொள்கிறேன். பச்சை நூல் போடமாட்டேன். நான் அதைப் போட்டுக்கொண்டு வண்டிவரை நடக்க அப்பாவிடம் நீதான் கேட்கவேண்டும். உன்னிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அதிலும் எனக்குப் பொறாமைதான், ஆனால் இந்த ஒரு தடவை அது எனக்கும் உதவட்டும்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. கடலைப் பார்த்த அறை உனக்குப் போவதில் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ராத்திரியில் உன் அறை வாசலில் நான்தான் படுப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காற்றுக்காக என்று சொன்னேன். உன் மூச்சு சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன் என்று சொல்லவில்லை. மாதம் ஏறிக்கொண்டே போகிறது, தள்ளிப்போடாமல் கப்பல் ஏறு. அந்த ஆற்றைப் பகலிலேயே கடந்துவிடு. கடந்ததும் துறையில் நிற்காதே.

இனாயத் மாமா திரும்பி வரும்போது அவரிடம் புர்காவைக் கொடுத்து அனுப்பலாம் என்று உனக்குத் தோன்றலாம். அனுப்பாதே, ஆபா. வேறு யாரிடமும் கொடுக்காதே. நீயே போட்டுக்கொண்டு வா. வாசலில் நின்று என் கையால் கழற்றி வாங்கிக்கொள்கிறேன்.

அதுவரை அல்லாஹ் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் என் கண்ணிலிருந்து காப்பாற்றட்டும்.

உன்மேல் பொறாமை தீராத,
நஸ்ரு