எந்த ‘இல்லே’ அக்கா?

திட்டித் திட்டியே என்னைக் கூப்பிட்ட என் கோமளா அக்காவுக்கு,

வந்துட்டேன். மர்பி டவுன்ல உன் வீட்டு மாடிப்படியில உக்காந்து இதை எழுதறேன். முப்பது வருஷமா நீ கூப்பிட்டே. “ஒரு தடவை வாடா பாபு, பெங்களூரைச் சுத்திக் காட்டறேன், விதான சௌதாவைப் பாத்தா வாயைப் பொளப்பே”ன்னு. நானும் முப்பது வருஷமா குடியாத்தத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற என் கடையைக் காட்டித் தட்டிக் கழிச்சேன். உன் சாவுக்குக்கூட இங்க வரலை, உன்னை நம்ம ஊருக்கே கொண்டாந்துட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு, சுத்திக் காட்ட நீ இல்லாத ஊருக்கு வந்து நிக்கறேன். என்ன புத்தியோ எனக்கு.

முதல்ல நீ சிரிக்கறதுக்கு ஒண்ணு. உன் பொண்ணு கல்பனா, “ஸ்டேஷனுக்கு வர்றேன் மாமா”ன்னா. “எனக்கு வழி தெரியும், உங்கம்மா போன்லயே நூறு தடவை சொல்லியிருக்கா”ன்னு வீறாப்பா சொல்லிட்டேன். நீ சொன்னபடியே கன்டோன்மெண்ட்ல இறங்கி பஸ் ஏறினேன். நீ சொன்ன அடையாளம் ஒண்ணையும் காணோம். மூலையில சினிமா தியேட்டர் வரும்னே, வரலை. தலைக்கு மேல மெட்ரோ பாலம் போகுது, அதை நீ சொல்லவே இல்லை.

ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கண்டக்டரைப் பிச்சு எடுத்தேன். “மர்பி டவுன் வந்துடுச்சா சார்?” ரெண்டு தடவை அவர் பேசாம இருந்தார். மூணாவது தடவை “இல்லே, இல்லே”ன்னார், கையை வேற வாசல் பக்கம் ஆட்டினார். சரி, இன்னும் வரலைபோலன்னு பையை மடியில வெச்சுக்கிட்டு நல்லா சாஞ்சு உக்காந்துட்டேன். அந்த மனுஷன் என்னைப் பாத்த பார்வை இருக்கே. அப்புறம் கண்ணாடிக் கட்டடமா வந்துச்சு, பாதி கட்டின கட்டடமா வந்துச்சு, கடைசி ஸ்டாப்பே வந்துடுச்சு.

அங்க பூ வித்துக்கிட்டிருந்த அம்மா தர்மபுரிக்காரங்க. என் கதையைக் கேட்டுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. “அது நம்ம ‘இல்லே’ இல்லண்ணா. கன்னடத்துல ‘இல்லே’ன்னா இங்கயேதான்னு அர்த்தம். அவர் இறங்குன்னு சொல்லியிருக்கார், நீங்க குந்திக்கிட்டே வந்திருக்கீங்க.”

நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் கல்பனா, “அம்மாவும் வந்த புதுசுல இதே ‘இல்லே’யில மாட்டினவங்கதான்”னு சொல்லிச் சிரிச்சா. ஊர்ல இருக்கற சந்து பொந்தெல்லாம் போன்ல சொன்னியே, இதை மட்டும் ஏன் சொல்லாம விட்டே?

ஞாயித்துக்கிழமை கல்பனாதான் ஊரைக் காட்டினா. மெட்ரோவுல வட்டமா ஒரு பில்லை குடுக்கறாங்க. உள்ள போறப்ப அதைக் காட்டணும், வெளிய வர்றப்பதான் போடணும். நான் போறப்பவே போடப் பாத்து, எனக்குப் பின்னாடி ஒரு வரிசையே நின்னு முறைச்சுது. நீ சொன்ன விதான சௌதாவை, அவங்க சட்டசபைக் கட்டடத்தை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். வாயைப் பொளக்கலை அக்கா, பொய் சொல்ல மாட்டேன். நீ பக்கத்துல நின்னு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா பொளந்திருப்பேனோ என்னமோ. மெஜஸ்டிக்ல பூமிக்குள்ள இறங்கி, இன்னும் இறங்கி, வேற ரயில் மாறி, கிழக்கு எது மேற்கு எதுன்னே தெரியாம லால்பாக் போய்ச் சேந்தோம்.

அங்க அந்தப் பெரிய பாறை மேல உக்காந்திருந்தோம். கல்பனாவோட சிநேகிதி எங்களைத் தேடிக்கிட்டு போன் பண்ணுச்சு. இவ போனைக் காதுல வெச்சு, “இல்லே… இல்லே”ன்னா. அச்சு அசல் உன் குரல்.

ஆஸ்பத்திரியில இருந்து நீ கடைசியா என்கிட்ட பேசினது ஞாபகம் இருக்கா? மூச்சு வாங்கிச்சு உனக்கு. “கிளம்பி வரட்டுமாக்கா?”ன்னு கேட்டேன். “இல்லே… இல்லே”ன்னே. அவ்வளவுதான், அப்புறம் போன் கட்டாயிடுச்சு. அக்காவே வேணாங்கறா, அப்ப பயமில்லைன்னு நான் கடைக்குப் போய்க் காயில் கட்டினேன். மூணு மணி நேர ரயில். மறுநாள் சாயங்காலம் நீ போயிட்டேன்னு சேதி வந்துச்சு.

அந்தப் பாறை மேலயே, அம்மா அன்னிக்குச் சொன்னது எந்த ‘இல்லே’ன்னு கல்பனாகிட்ட கேட்டேன்.

“தெரியலை மாமா. கடைசி நாலஞ்சு நாள் அம்மாவுக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வந்துச்சு. நீங்க பேசறப்ப நர்ஸ் வேற பக்கத்துல நின்னு, எங்க வலிக்குதுன்னு கன்னடத்துல கேட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்குச் சொன்னதாவும் இருக்கும்.”

“என்னை வரச் சொன்னாளாம்மா?”

“எனக்கு நிஜமாவே தெரியலை மாமா.”

ரெண்டு நாளா இதையே பொரட்டிப் பொரட்டிப் பாக்கறேன். வரட்டுமான்னு கேட்டா நம்ம வீட்டுல என்ன சொல்லுவோம்? வர வேண்டியதில்லைன்னா “வேணாம்”னு தானே சொல்லுவோம்? வாழ்நாள் பூரா நீ எனக்கு எத்தனை ‘வேணாம்’ சொல்லியிருப்பே. அன்னிக்கு ‘இல்லே’ன்னு வந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைச்சும், எனக்கு வசதியான ‘இல்லே’யை எடுத்துக்கிட்டேனா? கண்டக்டர்கிட்டயும் அதைத்தானே பண்ணேன். அவர் கை வாசலைக் காட்டுது, நான் சாஞ்சு உக்காந்தேன். நர்ஸுக்குச் சொன்னியோ, எனக்குச் சொன்னியோ, வலியைச் சொன்னியோ, இங்கயே வான்னு சொன்னியோ. ஒண்ணும் விளங்கலை அக்கா. என்மேல எனக்கே ஆத்திரமா வருது.

நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன். கல்பனா இனி இங்க தனியாத்தான் இருக்கணும். காலையில காபி குடுத்தா. “அடுத்த மாசம் வரட்டுமாம்மா?”ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். இனி அவகிட்ட அதைக் கேக்கவே மாட்டேன். போன்ல அவ குரல் கொஞ்சம் கம்மினாப் போதும், கடையைப் பூட்டிட்டு ரயில் ஏறிடுவேன். எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு எனக்கு இப்ப தெரியும்.

வரட்டுமான்னு கேட்டுட்டு வராமப் போன
உன் தம்பி,
பாபு