அவன் முதலில் வெளியே வரட்டும்

கொன்சுவேலோ,
டொமினிக்கன் குடியரசு
மே 8, 2016

மதிப்புக்குரிய எலியாசர் அவர்களுக்கு,

வில்கினைப் பெற்ற அப்பன் குமெர்சிந்தோ எழுதுவது. யாரையும் வைத்து எழுதவில்லை. இது என் கையெழுத்து. கரும்பு வெட்டியே அறுபத்தாறு வயதாகிவிட்டது. இந்த வருஷம்தான் மாலைப் பள்ளியில் சேர்ந்து எழுதப் படித்தேன். மேலே உங்கள் பெயர் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பாருங்கள். உங்கள் பெயருக்கு நான் இத்தனை பாடுபட்டிருக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். என் மகன் பேஸ்பால் ஆட அமெரிக்காவில் அயோவாவுக்கு வந்தான். உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். ஞாயிறுதோறும் போன் செய்கிறான். "அப்பா, எலியாசர் ஐயா வெச்ச பீன்ஸ் இருக்கே, அடடா!" "அப்பா, கொட்டுற மழையில எலியாசர் ஐயா மைதானத்துக்கே வந்து கூட்டிட்டுப் போனாரு!" போன வாரம் வாய் தவறி உங்களையே அப்பா என்று சொல்லிவிட்டான். என் மனைவி பெலார்மினா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "ஏய்யா, உன் வயித்தெரிச்சல்ல ஒரு சட்டி வாழைக்காய் அவிச்சிடலாம் போலிருக்கே" என்கிறாள்.

போனில் உங்களைத் திட்டினால் தெருவே கேட்கும். அதனால் எழுதுகிறேன். என் பிள்ளைக்கு எவரும் சும்மா சோறு போட வேண்டாம். அவன் மாதாமாதம் எனக்கு அனுப்பும் நூறு டாலரை இதில் வைத்திருக்கிறேன். வாடகைக்கும் பீன்ஸுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஆட்டம் முடிந்ததும் அவன் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அங்கேயே ஒட்டிக்கொள்வான் என்று கனவு காணாதீர்கள்.

எனக்கு எழுதத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். வந்ததும் அவன் முன்னால் உட்கார்ந்து எழுதிக் காட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
குமெர்சிந்தோ (அப்பா)


மில்பரோ, அயோவா
மே 27, 2016

அன்புள்ள குமெர்சிந்தோ அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கோபமாகப் படிக்க வேண்டிய கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன், மன்னியுங்கள்.

நான் மெக்சிகோவிலிருந்து வந்தவன். இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனைவி இறந்த பிறகு ஒரு அறை சும்மா கிடந்தது. இந்தப் பையன்களின் சம்பளத்தில் வாடகை கொடுக்க முடியாது. அதனால் ஊரில் ஆளுக்கொரு வீட்டில் வைத்துக்கொள்கிறோம். வாடகை வாங்குவது இங்கே வழக்கமில்லை. பணத்தைத் திருப்பி இதோடு வைத்திருக்கிறேன்.

சம்பளம் பற்றி அவன் உங்களிடம் என்ன சொன்னானோ தெரியாது. ஆட்டம் நடக்கும் மாதங்களில் மட்டும்தான் பணம். வசந்தகாலப் பயிற்சிக்கு ஒன்றும் கிடையாது. உடைமாற்றும் அறையில் துணி துவைத்து, ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் வைக்கிற ஆளுக்குக்கூட இந்தப் பையன்கள்தான் தங்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள்.

நாங்கள் மீன் பிடிக்கப் போனபோது எடுத்த படம் ஒன்று வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எலியாசர்


கொன்சுவேலோ
ஜூன் 19, 2016

திரு. எலியாசருக்கு,

படம் கிடைத்தது. அவன் தோள்மேல் உங்கள் கை இருக்கிறது. அந்தக் கையை எடுங்கள். மீன் பிடிக்க அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேனா? எனக்கு நேரம் எங்கே இருந்தது?

பணத்தை எப்படித் திருப்பி அனுப்பலாம்? நாங்கள் பிச்சைக்காரர்கள் இல்லை. ஒப்பந்தம் போட்ட அன்று அவனுக்குக் கிடைத்த தொகையைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும். பயிற்சி கொடுத்தவன் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது உண்மைதான். மிச்சத்தில் சிமெண்ட் வீடு கட்டினேன். மாடிக்குக் கம்பி நிற்கிறது. தெருவில் நடந்தால் கடைக்காரன் கூப்பிடுகிறான். "வாங்க கோடீஸ்வரரே! பழைய பாக்கிய இன்னிக்கே தந்துருவீங்களா, இல்ல பையன் யாங்கீஸ் டீம்ல சேர்ந்த பிறகா?"

இம்முறை இருநூறு வைத்திருக்கிறேன். திருப்பினால் அடுத்த முறை நானூறு வரும். யார் முதலில் ஓய்கிறோம் என்று பார்ப்போம்.

வேர்க்கடலை வெண்ணெய் அவனுக்குப் பிடிக்காது. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

குமெர்சிந்தோ


மில்பரோ
ஜூலை 14, 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பெலார்மினா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

செவ்வாய்க்கிழமை குழு மேலாளர் வில்கினை அறைக்குள் கூப்பிட்டார். வீடு திரும்பியபோது அவன் கையில் ஒரு கறுப்புக் குப்பைப் பை. உள்ளே காலணியும் கையுறையும். வாசலிலேயே நின்றான். "முடிஞ்சிடுச்சு ஐயா. மூணு நிமிஷம்கூட ஆகல. கை குடுத்து, நல்ல பையன்னு சொல்லி டீம்ல இருந்து அனுப்பிட்டாங்க." சாப்பிடச் சொன்னேன். "பசிக்கல" என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு வந்த அந்த நூறு டாலர் என் ஓய்வூதியப் பணம். ஏப்ரலில் இங்கே வந்ததிலிருந்து என்னிடம் கடன் வாங்கித்தான் அனுப்பினான். "அப்பா தெருவுல தலை நிமிர்ந்து நடக்கறாரு, அதை நான் கெடுக்க மாட்டேன்" என்றான். நீங்கள் வாடகை என்று அனுப்பியது அதே பணம்தான். நான் அவனுக்கு, அவன் உங்களுக்கு, நீங்கள் எனக்கு. தபால்காரருக்குத்தான் கால்வலி.

ஆட்டக்காரனுக்குக் கொடுத்த விசா இனி செல்லாது. குழு கொடுத்த பயணச்சீட்டை மாதக் கடைசிக்கு மாற்றியிருக்கிறேன். நியூயார்க்கில் விமானம் மாற வேண்டும். அங்கேதான் எனக்குப் பயம். அவனை மாதிரியே நீக்கப்பட்ட நண்பன் ஒருவன் அங்கே ஒரு கடையில் ஒளிந்து வேலை செய்கிறான். வில்கினும் விமான நிலையத்திலிருந்து வெளியேறி அவனோடு போய்விடப் பார்க்கிறான். போய்விட்டால் எத்தனை வருஷம் கழித்துப் பார்ப்பீர்களோ தெரியாது. "மாடி முடியாத வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போவேன்?" என்கிறான். உங்கள் போனை எடுக்க மறுக்கிறான். குரலைக் கேட்டால் உடைந்துவிடுவானாம்.

போனில் சொல்ல முடியாததை எழுதலாம் அல்லவா? அவனிடம் ஒளித்து வைத்திருக்கும் அந்தக் கையெழுத்தை இப்போதே காட்டிவிடுங்கள் அண்ணா.

எலியாசர்


கொன்சுவேலோ
ஜூலை 20, 2016

தம்பி எலியாசருக்கு,

இதை விமானத்தில் வரும் ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் மெதுவாக எழுதுகிறவன். இரண்டு பென்சில் தீர்ந்தது. ஒன்றைக் கோபத்தில் நானே உடைத்தேன்.

அவன் அந்தக் குப்பைப் பையோடு நின்றபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். நான் இல்லை. மற்றதையெல்லாம் மன்னிப்பேன். இதை மன்னிக்கக் கொஞ்சநாள் ஆகும்.

கீழே உள்ளதை அவனிடம் காட்டுங்கள்.

*வில்கின், இது அப்பா எழுதியது. அம்மாவைக் கேட்டுப் பார், என் கைதான். மாடிக் கம்பியை வெட்டி விற்றுவிட்டேன். கடைக்காரன் கேட்டான், "என்ன கோடீஸ்வரரே, மாடி வேணாமா?" "எம்புள்ள கீழ்வீட்லயே படுத்துக்குவான்டா" என்றேன். தலை நிமிர்ந்துதான் நடந்து வந்தேன். வீட்டுக்கு வா.*

தம்பி, கம்பி விற்ற பணம் இதில் இருக்கிறது. இது உங்கள் பணம் இல்லை, என்னுடையது. அதனால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை கிடையாது. உங்களுக்கும் அதே விமானத்தில் சீட்டு வாங்குங்கள். நியூயார்க்கில் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோள்மேல் கை போட்டாலும் பரவாயில்லை.

இங்கே என் வீட்டில் தங்குவீர்கள். நான்தான் சமைப்பேன். வாடகை என்று ஒரு காசு நீட்டிப் பாருங்கள், தெரியும்.

ஒன்றே ஒன்று. இங்கே வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் அவன் முதலில் வெளியே வரட்டும். நீங்கள் பெட்டியைத் தேடுவதுபோல உள்ளேயே நில்லுங்கள். கொஞ்சம் அதிக நேரமே தேடுங்கள்.

உங்கள் அண்ணன்,
குமெர்சிந்தோ