அறுபத்து நான்கு படங்களில் இல்லாதவள்

வெள்ளிக்கிழமை, ஏழாம் தேதி

அன்பு மகனுக்கு,

இன்று காலை பதினொன்று இருபதுக்கு விசா அலுவலகத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் உன் மனைவியின் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். உன்னிடம் வந்து சேர அவள் போட்ட மனு தள்ளுபடி ஆகவில்லை. பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன், முத்திரையும் கையெழுத்தும் இருக்கின்றன, ஆகவே இது வதந்தி இல்லை, செய்தி. இதை அவளே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பதினொரு நாளாக நீ அவளோடு பேசாததால் நான் சொல்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், உன் அப்பாவின் ரத்த அழுத்தம்கூட இந்த மாதம் அடங்கியிருக்கிறது, அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மனசு எப்படி இருக்கிறது என்று எழுதத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கூரியரில் நாலு நாளில் போய்ச் சேரும் என்கிறார்கள், செவ்வாய்க்கிழமை உன் கையில் இருக்கும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் நீ குதித்தாய். சென்ற மாதம் இருபத்து நான்காம் தேதி கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். கல்யாணப் பதிவுச் சான்றிதழில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை, நீங்கள் இருவரும் சேர்ந்து குடும்பம் நடத்தினீர்களா என்பதில்தான் சந்தேகம். அதற்குச் சான்றாக நாம் வைத்த அறுபத்து நான்கு படங்களில் நீ இருக்கிறாய், நான் இருக்கிறேன், உன் அப்பா இருக்கிறார், மாடி வீட்டுப் பூனைகூட நான்கில் இருக்கிறது. அவள் மூன்றில்தான் இருக்கிறாள், அந்த மூன்றிலும் முகம் இல்லை. ஒன்றில் முதுகு. ஒன்று உன் அப்பா எடுத்தது, அதில் உங்கள் இருவருக்கும் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை, சட்டைப் பொத்தான்கள் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. மூன்றாவது கல்யாணத்தன்று எடுத்தது. வெளியாளை வைத்துப் படம் எடுக்க வேண்டாம், வீட்டுக்கே போட்டோகிராபர் மருமகளாக வரும்போது எதற்கு என்று சொன்னது நீ, தலையாட்டியது நான். பதிவாளர் அலுவலக வாசலில் அவள் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, டைமர் வைத்து, நம்மையெல்லாம் உயரவாரியாக நிற்க வைத்து, உன் அப்பாவின் காலரை இழுத்துவிட்டு ஓடி வந்தாள். பத்து விநாடி. அது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உன் பக்கத்தில் புகைபோல ஏதோ ஒன்று பாய்ந்து வருகிறதே, அதுதான் மணப்பெண். இன்னொன்று எடுப்பதற்குள் அடுத்த ஜோடி வந்துவிட்டது, பியூன் விரட்டினார், நாமும் இதுவே நல்லா இருக்கு என்று சிரித்துக்கொண்டு போய்விட்டோம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, அதை மறைக்கப் போவதில்லை.

கோப்பைத் திருப்பிக் கொடுத்த அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. படத்துல இல்லாதவங்க வீட்டுல இருந்தாங்கன்னு நாங்க எப்படிம்மா நம்புறது என்றார். அவ இல்லன்னா இந்தப் படத்தையெல்லாம் எடுத்தது யாருங்க என்று கேட்டேன். அது கேமராவுக்குத்தானேம்மா தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். முப்பத்தோரு வருஷம் பத்திரிகையில் குப்பை கொட்டியவள் நான், எத்தனையோ அதிகாரிகளிடம் பதில் வாங்காமல் நகர்ந்ததில்லை, அன்றைக்கு நகர்ந்தேன். வீட்டுக்கு வந்தால் உன் அத்தை உட்கார்ந்திருக்கிறாள். கேமராவ தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினா குடும்பப் படத்துல எப்படி இருப்பா என்று உன் மனைவி காதுபடவே சொன்னாள். உன் பேத்தி பிறந்தநாளுக்கு நூத்தி இருபது படம் எடுத்தது யாருன்னு நெனச்சே, காத்தா என்று கேட்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவள் இன்னும் வரவில்லை, வராவிட்டால் போகட்டும்.

இதெல்லாம் ஊரார் செய்தது, பொறுத்துக்கொள்ளலாம். நீ செய்ததற்கு வருகிறேன். இருபத்தேழாம் தேதி நீ பேசியபோது அவள் சாப்பாட்டு மேசையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள், கை ஒழியவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், ஆகவே நான் ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. உன் முகத்த வெட்டி அந்தக் கல்யாணப் படத்துல ஒட்டு, பத்து நிமிஷ வேலை என்றாய். அது பொய்ங்க என்றாள். கஸ்டமருக்கு மூடின கண்ணத் தெறந்து வெக்கிறியே, அது மட்டும் நெசமா என்று மடக்கினாய், பெரிய வக்கீல் மாதிரி. அவளும் பொறுமையாகச் சொன்னாள். ஒரு குரூப்புக்கு அஞ்சு படம் எடுக்கறேன், ஒண்ணுல மூடின கண்ணு அடுத்ததுல தெறந்திருக்கு, அவங்க கண்ணையேதான் எடுத்து வெக்கிறேன், அதே எடம், அதே நிமிஷம், இல்லாத ஆளக் கொண்டுவந்து நிறுத்தறதில்ல என்றாள். அதற்கு நீ சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது. உனக்குப் பிடிவாதம்தான் பெருசுன்னா நீ அங்கேயே இரு, அந்தக் கேமராவோட குடும்பம் நடத்து. சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ வெளிநாடு போன இந்தப் பதினான்கு மாதமும் அந்தக் கேமரா அவள் தோளில்தான் தொங்குகிறது, அவளைத் தனியாக விட்டுவிட்டு அது எங்கும் போகவில்லை. மாமியார் மருமகளுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று நீ சிரிக்கலாம், சிரித்துக்கொள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை அவள் நீ சொன்னதைச் செய்தாள். கம்ப்யூட்டரில் கல்யாணப் படத்தைத் திறந்து, அந்தப் புகையை அழித்து, அவளுடைய பாஸ்போர்ட் படத்திலிருந்து முகத்தை எடுத்து உன் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அதற்கேற்ப நிழலும் போட்டாள். பத்து நிமிஷம் என்றாய், ஒன்பதுதான் ஆனது. அத்தை, வந்து பாருங்க, சரியா இருக்கா என்று கூப்பிட்டாள். பார்த்தேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நானே ஒரு கணம் அன்றைக்கு அவள் அப்படித்தான் நின்றாளோ என்று மயங்கினேன். இதுல நிக்கிறது யாரு அத்தை, அன்னிக்கு நான் நிக்கவே இல்லையே, ஓடிக்கிட்டிருந்தேன் என்றாள். சொல்லிவிட்டு அழித்துவிட்டாள். பத்திரிகையில் நான் செய்த பழைய தப்பு ஒன்று எனக்கு நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு விபத்துச் செய்தியில், ஓட்டுநர் சொல்லாத ஒரு வாக்கியத்தை, சொல்லியிருப்பார் என்ற நினைப்பில், அவர் வாயில் வைத்து எழுதினேன். அவர் மனைவி பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றாள். அதைப் பற்றி இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நீயும் பத்து நிமிஷ வேலைதானே என்று நினைக்கிற இடத்தில் நிற்கிறாய். மனுவின் ஆறாம் பக்கத்தில் பதினான்காவது பத்தியையும் படித்துக்கொள், திருத்திய ஆவணம் ஒன்று பிடிபட்டாலும் பத்து வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அவள் அதைப் படித்திருக்கிறாள். நீ கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறாய்.

நீ இப்படிப் பேசிவிட்டுப் போன பிறகும் அவள் ஒரு வேலையைத் தள்ளிப்போடவில்லை. இரண்டு பள்ளிக்கூடத்துக்கு வகுப்புப் படம், விற்பனைக்கு வந்த ஒரு வீட்டின் ஏழு அறைகள், பிறகு தையல் ஆலையில் இரண்டு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு அடையாள அட்டைப் படம். இரண்டாம் நாள் பெயர்ப் பட்டியலைப் பிடிக்க ஆள் இல்லை என்றதால் நான் கூடப் போனேன். சிரிச்சா கார்டு மெஷின் எடுக்காது, யாரும் பல்லக் காட்டாதீங்க என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். வரிசையில் ஒருத்தி, இந்த மூஞ்சிய கார்டுல பாத்தாவது என் வீட்டுக்காரர் அடையாளம் கண்டுபிடிப்பாரான்னு பாப்போம் என்றாள், பின்னால் நாற்பது பேர் சிரித்தார்கள், சூப்பர்வைசருக்கும் வாய் கோணியது. உன் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு, நீயும் பார்த்திருப்பாய். எடுத்து முடித்ததும் கேமராவை இறக்காமலே, முடிஞ்சுதுங்க, போலாம் என்பாள். அவர்கள் தோளைத் தளர்த்துவார்கள், அந்தக் கணத்தில் இன்னொன்று எடுப்பாள். மெஷினுக்கு முதல் படம், அந்தப் பெண்களுக்கு இரண்டாவது படம்.

மதியம் சாப்பிட வெளியே போய்த் திரும்பினால் வாசலில் காவலாளி புது ஆள், படம் ஒட்டிய பாஸ் இல்லாமல் விடமாட்டேன் என்றார். அவள் பையில் இருநூறு பேருடைய முகம் இருந்தது, அவளுடையது ஒன்றுகூட இல்லை. ஊருக்கெல்லாம் எடுக்கிறீங்க, உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்க மாட்டீங்களா என்று அந்த ஆள் நல்ல மனசோடுதான் கேட்டார். அவள் அங்கேயே வெள்ளைச் சுவரோரம் நின்று கேமராவை என்னிடம் நீட்டி, மூச்ச விடாம அமுக்குங்க அத்தை என்றாள். அமுக்கினேன். அவள் செய்வதுபோலவே முடிஞ்சுது என்று சொல்லிவிட்டு மறுபடி ஒரு முறை அமுக்கினேன். மூன்று வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் அவளை எடுத்த முதல் படம் அதுதான். சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கண் இரண்டும் வீங்கியிருந்தன. தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள், எனக்கு மேசையில் தெரியவில்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அதில் பாதி என்மேலும் உண்டு.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பழைய தொழிலை மறுபடி கையில் எடுத்தேன். நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் இறங்கி, நீங்கள் இருவரும் போன வீடு, கடை, நண்பர்கள் எல்லோரிடமும் அவங்க எடுத்த படம் வேண்டாம், அவங்கள எடுத்த படம் இருக்கா என்று கேட்டேன். நாலு நாளில் பதினொரு படம் கிடைத்தது, எல்லாம் யார் யாரோ போனில் எடுத்தது, தேதியோடு இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் கொடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. அவர் மகள் பிறந்தநாள், குழந்தைகளை மேலிருந்து எடுக்க உன் மனைவி நாற்காலிமேல் ஏறி நின்று வாயை அகலத் திறந்து எதையோ கத்துகிறாள், நீ குனிந்து நாற்காலிக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவளைப் பார்க்கிறாய். இரண்டு முகமும் தெளிவு. இப்படி அண்ணாந்து பார்த்த பையன்தானா அங்கேயே இரு என்று சொன்னான் என்று அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். பதினொன்றையும், அக்கம்பக்கத்தார் ஆறு பேர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தையும் புதன்கிழமை கொடுத்தோம். அதன் பலன்தான் இன்று காலை வந்த கடிதம். ஒட்டாமல், வெட்டாமல் வந்தது.

உனக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு இருக்கிறது, கேட்கும் வயது உனக்குத் தாண்டிவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காலுறை இல்லாமல் தூங்காதே. தனியாக இருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவள் சீக்கிரம் வரவேண்டும் என்ற தவிப்பில்தான் அப்படிப் பேசினாய் என்றும் தெரியும். ஆனால் அவளை வரவழைப்பதற்காக அவளையே அழிக்கச் சொல்கிறாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ நல்லபடியாக இரு, உன் வேலை நிலைக்கட்டும், உன் கோபம் உனக்கு முன்னால் கிழடு தட்டட்டும். இதுதான் என் ஆசீர்வாதம், உன் அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், அவர் வேறு வார்த்தையில் சொன்னார், அதை எழுதவில்லை.

இனி பாக்கி இருப்பது. நேர்காணல் முடிந்து பத்து வேலை நாளுக்குள் முடிவு தெரியும், இது கடிதத்தில் இருக்கிறது. கடிதத்தில் இல்லாதது ஒன்றை மூன்றாவது கவுன்ட்டர் அம்மா வாய்வார்த்தையாகச் சொன்னார், ஆகவே உறுதி என்று எழுதமாட்டேன். அவளிடம் கேள்வி கேட்கிற அதே நேரத்தில் உனக்கும் போன் போட்டு அதே கேள்விகளைக் கேட்பார்களாம், இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். என்ன கேப்பாங்க என்றேன். பெருசா ஒண்ணுமில்லம்மா, வீட்டுக் கதவு என்ன கலரு, காலைல யாரு முதல்ல எழுந்திருப்பாங்க, கடைசியா எப்ப பேசினீங்க, என்ன பேசினீங்க, அவ்வளவுதான் என்றார். கதவுக்கு உன் அப்பா போன மாதம் பச்சை அடித்துவிட்டார், நீலம் என்று சொல்லி வைக்காதே. முதலில் எழுந்திருப்பது அவள்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கடைசியாக எப்போது பேசினீர்கள் என்ற கேள்விக்கு அவள் என்ன சொல்வாள் என்று உனக்கே தெரியும், ஒரு படத்தில் பொய் சொல்லாதவள் வாயாலும் சொல்ல மாட்டாள். இன்றைய நிலவரப்படி அந்தப் பதில், இருபத்தேழாம் தேதி, அங்கேயே இரு என்றார் என்பதுதான். நேர்காணலுக்காக ஒப்புக்குப் பேசாதே, ஒப்புக்குச் சிரிக்கிற முகத்தை அவள் ஒரு நாளைக்கு இருநூறு பார்க்கிறாள். ஆனால் பதிலை மாற்ற உனக்குப் பதினேழாம் தேதி திங்கட்கிழமை இரவுவரை நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
கோபத்தோடும் பிரியத்தோடும்
உன் அம்மா