சிவப்பியின் பெடலில் என் மணை

என் அருமை அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உனக்குச் சொல்ல இப்படி ஒரு சேதி வரும் என்று நினைக்கவில்லை. சிவப்பி கிடைத்துவிட்டாள். தாம்பரம் கார் ஷோரூமில் டிரைவராக இருந்தபோது பந்தயத்தில் நீ ஓட்டினாயே, அதே அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். பொத்தேரி பக்கம் ஒரு ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்திருக்கிறாள். உன் முதலாளியின் மகன் இப்போது அவளைச் சரிசெய்கிறார். பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறாராம்.

சேலையூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, கேட்காதே.

வண்டிக்கு முன்னால் ஒரு போர்டு. தூதரக அதிகாரி ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது, ஷோரூம் அதை வாங்கிச் சோழவரம் பந்தயத்தில் விட்டது, அங்கே வேடிக்கை பார்த்தவர்கள் ஷோரூமுக்கு வந்து கார் புக் செய்தது, எல்லாம் சரியாக எழுதியிருந்தது. கடைசி வரியில், ஓட்டியவர் என்று முதலாளியின் பெயர். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அண்ணா. கோப்பையோடு போட்டோவில் நின்றதுதான் அவர். ஓட்டியது நீ.

"தம்பி, இத ஓட்டினது எங்க அண்ணன்," என்றேன்.

"இல்ல ஆன்ட்டி, அப்பாதான். சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேனே."

பொய் சொல்லும் முகம் இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"சரி, உக்காந்து காட்டுங்க."

அவரும் அப்பாவைப் போலவே ஆறடி. உள்ளே நுழைந்ததுமே முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தார். எங்கே நகரும்? குள்ளன் நீதான் அதை முன்னால் இழுத்து வெல்டு வைத்துவிட்டாயே. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், பெடல்ல இன்னாவோ கட்டை கீது. கழட்டிடவா?" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாகத் தெரிந்தன. என் நலங்கு மணை.

என் கல்யாணத்துக்கு அம்மா வர்ணம் பூசிக் காயவைத்திருந்த மணையை, பெடலுக்குக் கால் எட்டவில்லை என்று பாதியாக அறுத்துக்கொண்டு போன ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். கையெல்லாம் ஈரப் பெயிண்டோடு நின்றுகொண்டு, "பழைய பலகைன்னு நெனச்சேம்மா" என்றாயே. எதிர்வீட்டு மணையில் உட்கார வைத்துத்தான் எனக்கு நலங்கு வைத்தார்கள். அம்மா கடைசிவரை அதைச் சொல்லித் திட்டினாள். மிச்சப் பாதி இன்றும் என் அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது.

மறுநாள் அதைக் கொண்டுபோய்ப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே மஞ்சள், அதே சிவப்பு. முதலாளி மகன் குனிந்து இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்.

"அப்பா ஏன் ஆன்ட்டி என்கிட்ட சொல்லல?"

எனக்கு என்ன தெரியும்? நீயும்தான் ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. ஏன் அண்ணா? உனக்கு வருத்தமே இல்லையா?

போர்டை மாற்றி எழுதக் கொடுத்துவிட்டார். கட்டையைத் தொடக் கூடாது என்று மெக்கானிக்கிடமும் சொல்லிவிட்டார். கண்காட்சியன்று பாதி மணையோடு நானும் வண்டிப் பக்கத்தில் இருப்பேன். யார் வந்து கேட்டாலும் ஓட்டியது நீ என்று சொல்வேன். மணையை அறுத்த கோபம் மட்டும் போகாது. அது நமக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னால் இரவல் மணையில் உட்கார்ந்த தங்கை,
சாந்தி